தலைமடையில் ஒரு கைப்பிடி

ஜூன் 12

அன்புள்ள அக்காவுக்கு,

சுண்டெலி பத்திரமாக வந்து சேர்ந்தது. இரண்டு விமானம், ஒரு பேருந்து, கடைசி எட்டு கிலோமீட்டர் டிராக்டர் டிரெய்லர். உடம்பில் வலிக்காத இடம் என்று தேடினால் காது மடல் மட்டும்தான் மிச்சம். போனில் பேசினால் உனக்குப் பாதிதான் கேட்கும், அந்தப் பாதியையும் நீயாகவே வேறு மாதிரி அர்த்தம் பண்ணிக்கொண்டு இரண்டு நாள் தூங்கமாட்டாய். அதனால் சொன்னபடி கடிதமே எழுதுகிறேன்.

நாங்கள் பதினாலு பேர், ஒரு நீளமான அறை, இரும்புக் கட்டில்கள். ஜன்னலைத் திறந்தால் பண்ணை. அக்கா, நீ பார்க்க வேண்டும். மேலே உயரமான நிழல் மரம், அதற்குக் கீழே வாழை, வாழைக்குக் கீழே கொக்கோ, அதற்கும் கீழே தரையோடு படரும் ஒரு கொடி. உள்ளங்கை அகலத்துக்குக்கூட வெறும் தரை இல்லை. நிலம் வெறுமேனியோடு நிற்கக் கூடாது என்பதுதான் இங்கே முதல் பாடம். நாம் வருஷா வருஷம் ஆள் வைத்துக் கொத்திச் சுத்தமாக வழித்துவைக்கிறோமே, அதைச் சொன்னேன். எல்லோரும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

பண்ணை மேற்பார்வை ஒரு அம்மா. நாங்கள் வைத்த பெயர் பூட்ஸ் அம்மா. சாயங்காலம் வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொருவர் பூட்ஸையும் புரட்டி, அடியில் ஒட்டியிருக்கும் மண்ணைக் குச்சியால் நோண்டி எடுப்பார். பிறகு மருந்துத் தண்ணீர்த் தொட்டியில் நூறு எண்ணும்வரை நிற்க வேண்டும். அப்புறம்தான் வெளியே விடுவார். வந்த அன்றைக்கே கட்டுக்கட்டாகக் காகிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். மண், விதை, இலை எதுவும் வெளியே போகக் கூடாது என்று அதில் ஒன்று. மாமியார் வீட்டில்கூட இவ்வளவு சட்டம் இருக்காது போலிருக்கிறது.

காலேஜ் அனுப்பிவைத்த இந்தப் பத்து மாதப் பயிற்சி கண்ணை மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும். நான் படிக்க வேண்டும் என்று நீ பத்தாவதோடு நின்றாய். அப்பா போனதும் அறுநூறு வாழையையும் ஒற்றை ஆளாகத் தலையில் தூக்கிக்கொண்டாய். அதை நான் மறக்கவில்லை. திரும்பி வந்து நம் தோட்டத்தை இந்தப் பண்ணை மாதிரி ஆக்கிக் காட்டவில்லை என்றால் என்னைச் சுண்டெலி என்று கூப்பிடாதே, பெருச்சாளி என்று கூப்பிடு.

இப்படிக்கு,
உன் சுண்டெலி


ஜூலை 3

என் சுண்டெலிக்கு,

வலது காதும் மற்ற உறுப்புகளும் நலம். இடது காது வழக்கம்போல் நீண்ட விடுப்பில் இருக்கிறது.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை சந்தோஷத்துக்கு, இரண்டாவது தடவை எழுத்துப் பிழைக்கு, மூன்றாவது தடவை நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா என்று எங்காவது எழுதியிருக்கிறாயா என்று தேடுவதற்கு. எழுதவில்லை. கொக்கோ என்ன சாப்பிடுகிறது என்று எழுதத் தெரிந்தவளுக்கு, தான் என்ன சாப்பிடுகிறோம் என்று எழுத வராதா?

நிலம் வெறுமேனியாக நிற்கிறதாம். இவ்வளவு நாள் அதைக் கொத்திக் கொத்தித்தான் உன்னைக் காலேஜுக்கு அனுப்பினேன், அப்போதெல்லாம் அதற்குக் கூச்சம் வரவில்லை. சரி, வா, வந்து போர்த்திவிடு. நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

தோட்டம் நன்றாக இருக்கிறது. போன வருஷம் நர்சரிக்காரரிடம் வாங்கி நட்ட கன்றெல்லாம் என் தலைக்கு மேல் போய்விட்டது. அந்த மனிதரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வால்வு ஒழுகுகிறது என்று சொன்னதற்கு அவரே வந்து மாட்டிக் கொடுத்தார். ஊரில் எல்லோரும் என் இடது பக்கம் நின்று கத்துவார்கள், அப்புறம் என்னைச் செவிடு என்பார்கள். இவர் மட்டும் யாரும் சொல்லாமலே சுற்றி வந்து வலது பக்கம் நின்றுகொண்டு மெதுவாகப் பேசுகிறார். அவ்வளவுதான் விஷயம். உடனே கற்பனைக் குதிரையைத் தட்டிவிடாதே.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். அப்பா எந்த ஊருக்குப் போனாலும் நல்லா விளைந்த நிலத்தைப் பார்த்தால் கால் நின்றுவிடும், ஞாபகம் இருக்கிறதா? கல்யாண வீட்டில் பந்தி போட்டிருப்பார்கள், இவர் பக்கத்து வயல்காரனிடம் கெஞ்சிக்கொண்டிருப்பார். ஒரு கைப்பிடி மண் வாங்கிக் கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்து, நம் மோட்டார் தண்ணீர் வாய்க்காலில் விழுகிற இடத்தில், தலைமடையில், முதல் வாழைக்கு அடியில் போடுவார். "நான் ஏன் ஒவ்வொண்ணுக்கும் கொண்டுபோய்க் குடுக்கணும்? இங்க போட்டா தண்ணியே எல்லாருக்கும் பங்கு வச்சுடும்" என்பார். எத்தனை ஊர் மண் அந்த ஒரு வாழைக்கடியில் கிடக்கிறதோ.

நீ அவ்வளவு பெருமை பேசுகிற அந்த மண்ணில் ஒரு கைப்பிடி எனக்கு வேண்டும். அப்பாவுக்குக் கடல் தாண்டின மண் கிடைத்ததில்லை. பூட்ஸ் அம்மாவிடம் கேட்டுப் பார். நம்ம அப்பா மாதிரி கெஞ்சு, தருவார்கள்.

சாப்பிடு. மெலிந்து வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவேன்.

உன் அரைக்காது அக்கா


ஆகஸ்ட் 8

அன்புள்ள அக்காவுக்கு,

சாப்பிடுகிறேன். காலையில் கஞ்சி, மத்தியானம் கிழங்கு, ராத்திரி அதே கிழங்கு வேறு உருவத்தில். போதுமா?

இந்தக் கடிதம் கொண்டுவருகிறவள் என் பக்கத்துக் கட்டில்காரி. அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை என்று படிப்பை விட்டுவிட்டுத் திரும்புகிறாள், பாவம். அவள் கையில் ஒரு பவுடர் டப்பா கொடுத்தனுப்பியிருக்கிறேன். மேலே தட்டி முகத்துக்குப் போட்டுக்கொள்ளாதே. உள்ளே நீ கேட்டது இருக்கிறது.

பூட்ஸ் அம்மாவிடம் கேட்கவில்லை. அந்த அம்மா பூட்ஸ் மண்ணுக்கே கணக்குப் பார்க்கிறவர், கைப்பிடி மண்ணுக்கா ஒத்துக்கொள்வார்? ஒரு மத்தியானம் எல்லோரும் கொக்கோ உடைத்துக்கொண்டிருந்தபோது நானே போய் எடுத்தேன். கிடைத்ததை அள்ளவில்லை அக்கா, பார்த்துப் பார்த்து எடுத்தேன். பண்ணையின் கடைசியில் வேலி போட்ட ஒரு துண்டு நிலம். அதில் வருஷக்கணக்காக எதுவும் பயிர் செய்யாமல் கொடியை மட்டும் படரவிட்டு ஓய்வு கொடுத்திருக்கிறார்கள். கையை விட்டால் மணிக்கட்டுவரை போகிறது. கறுப்பென்றால் அப்படி ஒரு கறுப்பு. பிடித்தால் உருண்டை, விட்டால் பொலபொல. பண்ணையிலேயே இதைவிட நல்ல மண் இல்லை. அப்பா பார்த்திருந்தால் அங்கேயே படுத்துக்கொண்டிருப்பார்.

கையெழுத்துப் போட்டோமே என்று கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது. ஒரு பவுடர் டப்பா மண்ணால் இவர்கள் என்ன ஏழையாகிவிடப் போகிறார்களா?

நர்சரிக்காரர் வலது பக்கம் நிற்கிறாரா, இன்னும் நிற்கிறாரா? குதிரை இங்கே கட்டுக்கயிற்றை அறுத்துக்கொண்டிருக்கிறது.

உன் சுண்டெலி


செப்டம்பர் 4

என் தங்கச் சுண்டெலிக்கு,

டப்பா வந்தது. திறந்து மூக்கில் வைத்தேன். மண் வாசனையும் பவுடர் வாசனையும் சேர்ந்து குளித்துவிட்டு வந்த குழந்தை மாதிரி இருந்தது. அவசரத்தில் கொஞ்சம் வாசற்படியில் சிந்திவிட்டது, அதையும் விடாமல் வழித்து எடுத்துக்கொண்டேன்.

காலையில் மோட்டாரைப் போட்டுவிட்டு, அப்பா செய்கிற மாதிரியே தலைமடை வாழைக்கடியில் குழி பறித்துக் கொட்டினேன். தண்ணீர் வந்தது, மண்ணைக் கரைத்தது, கறுப்பாக ஒரு கோடு போட்டுக்கொண்டு வாய்க்காலோடு உள்ளே போயிற்று. நான் அதன் கூடவே நடந்தேன். இது என் தங்கச்சி அனுப்பினது, ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கோங்க என்று சொல்லிக்கொண்டே நடந்தேன். நர்சரிக்காரர் பார்த்துவிட்டார். சிரிக்கவில்லை. "எங்க மண்ணுங்க இது?" என்று கேட்டார். என் தங்கச்சி காலேஜ் மண் என்றேன். இடம் சொல்லவில்லை, உன் கையெழுத்துக்கு ஆபத்து வரக் கூடாதே.

அன்றைக்குத்தான் அவர் வாயைத் திறந்தார். சொல்வதற்கு முன்னால் வலது பக்கம் வந்தார். "உங்களுக்குச் சம்மதம்னா சொல்லுங்க. இல்லன்னாலும் கன்று குடுக்கறத நிறுத்த மாட்டேன்" என்றார். எனக்கு முப்பத்தைந்து ஆகப் போகிறது. இந்த வயதில் முகம் சிவக்குமா என்று கேட்டால், சிவக்கும். என் தங்கச்சி வரட்டும், அவள் பார்த்துச் சரி என்று சொல்லட்டும் என்று சொல்லிவிட்டேன். அவர் ஏப்ரல் வரைக்கும் காத்திருப்பதாகச் சொன்னார்.

எனக்குப் பயமாக இருக்கிறது. எல்லாம் நல்லபடியாகவே நடந்துகொண்டிருக்கிறது, அதுதான் பயம்.

உன் அக்கா


ஜனவரி 5

என் சுண்டெலிக்கு,

உன் டிசம்பர் கடிதம் வந்தது. கூட்டு உரம், மூடுபயிர் எல்லாம் படித்தேன். இப்போது அதற்குப் பதில் எழுத மனசில்லை, வேறு ஒன்று கேட்க வேண்டும்.

தலைமடை வாழை மஞ்சளாகிவிட்டது. கீழ் இலைகள் ஓரத்திலிருந்து மஞ்சளாகி, காம்பு ஒடிந்து, தண்டைச் சுற்றிப் பாவாடை கட்டின மாதிரி தொங்குகின்றன. நடுக்குருத்து மட்டும் பச்சையாக நிற்கிறது. முதலில் தண்ணீர் போதவில்லையோ என்று இரண்டு மடங்கு பாய்ச்சினேன். இப்போது அதற்கடுத்த மூன்றும் அதே மாதிரி. ஒன்றில் அடித்தண்டு வெடித்திருக்கிறது. வெட்டிப் பார்த்தேன், உள்ளே வெள்ளையாக இருக்க வேண்டிய இடத்தில் காவி நிறத்தில் வளையம் வளையமாக இருக்கிறது.

அப்பா காலத்தில் புழு பார்த்திருக்கிறேன், காற்று பார்த்திருக்கிறேன். இதைப் பார்த்ததில்லை. நர்சரிக்காரரும் தலையைச் சொறிகிறார். நீ அதைத்தானே படிக்கிறாய். பூட்ஸ் அம்மாவிடம் காட்டி, என்ன செய்ய வேண்டும் என்று கேட்டு, உடனே எழுது. ஒரு நாளும் தாமதிக்காதே.

அக்கா


ஜனவரி 17

அக்கா,

நேற்று உன் கடிதம் வந்தது. கையோடு பூட்ஸ் அம்மாவிடம் எடுத்துப் போனேன். பாவாடை மாதிரி தொங்குகிறது, தண்டு வெடித்திருக்கிறது, உள்ளே காவி வளையம் என்று படம் போட்டுக் காட்டினேன். அந்த அம்மா எழுந்து, என்னைப் பண்ணையின் கடைசிக்குக் கூட்டிப் போனார். அந்த வேலிக்கு. நான் மண் எடுத்த அதே வேலிக்கு.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் அங்கே வாழை இருந்ததாம். அத்தனையும் நீ எழுதின மாதிரியே செத்தது. வாடல் நோய். மருந்து கிடையாது. நோய் வாழையோடு போகாமல் மண்ணிலேயே இருபது முப்பது வருஷம் தூங்குமாம், வாழை வேர் கிடைத்தால் எழுந்துகொள்ளுமாம். அதனால்தான் அந்த நிலத்தைச் சும்மா போட்டிருக்கிறார்கள். அது ஓய்வில் இல்லை அக்கா. பூட்டி வைத்திருக்கிறார்கள். அதனால்தான் பூட்ஸ், குச்சி, தொட்டி, எண்ணிக்கை, கையெழுத்து எல்லாம். முதல் வாரமே பாடத்தில் சொன்னார்களாம். எனக்கு அப்போது இவர்கள் பாஷை பாதிதான் புரியும், புரிந்த மாதிரி தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

பொலபொலவென்று இருக்கிறதே என்று பார்த்துப் பார்த்து எடுத்தேன். பண்ணையிலேயே நல்ல மண் என்று எழுதினேன்.

"உங்க ஊருக்கு இது எப்படி வந்துச்சு?" என்று பூட்ஸ் அம்மா கேட்டார். தெரியாது என்று சொன்னேன். உண்மையைச் சொன்னால் இன்றைக்கே பெட்டியைக் கட்டச் சொல்வார்கள், பட்டம் போய்விடும், நீ பத்தாவதோடு நின்றது வீணாகப் போய்விடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அது இல்லை காரணம். வாய்க்காலோடு நீ நடந்து, என் தங்கச்சி அனுப்பினது என்று ஒவ்வொரு வாழைக்கும் சொன்னாயே. அந்த முகத்துக்கு இதை எப்படி எழுதுவது?

இதை அனுப்ப முடியவில்லை அக்கா. மடித்துப் பெட்டிக்கு அடியில் வைக்கிறேன். நாளைக்கு வேறு எழுதுகிறேன்.


ஜனவரி 18

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பெரியவர்களிடம் கேட்டுவிட்டேன், வாடல் நோயாக இருக்கலாம் என்கிறார்கள். நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது.

உடனடியாக வாய்க்காலில் தண்ணீர் விடுவதை நிறுத்து. மோட்டாரைத் தொடாதே, குடத்தில் ஊற்றினாலும் சரி. நோய் வந்த வாழையை வெளியே இழுத்துப் போடாமல் அங்கேயே வெட்டி மூடு. தோட்டத்திலிருந்து கன்று யாருக்கும் கொடுக்காதே. மண்வெட்டி, செருப்பு எல்லாம் பிளீச்சிங் தண்ணீரில் கழுவு. வேளாண்மை அதிகாரியைக் கூப்பிட்டுக் காட்டு.

இது எப்படி வந்தது என்று கண்டுபிடிக்க வழக்கமாக இரண்டு கேள்வி கேட்பார்கள். கன்று எங்கே வாங்கியது? அந்தக் கன்று எந்த மண்ணில் வளர்ந்தது? அதையும் யோசித்துப் பார்.

பரீட்சை நெருங்குகிறது, அதனால் சுருக்கமாக முடிக்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை


பிப்ரவரி 12

சுண்டெலிக்கு,

உன் கடிதம் இருபத்தொன்பதாம் தேதி வந்தது. சர்க்கார் நோட்டீஸ் மாதிரி இருந்தது. தண்ணீரை நிறுத்து என்கிறாய், ஏன் என்று ஒரு வரி எழுதவில்லை. இந்த வெயிலில் அறுநூறு வாழைக்குக் குடத்தில் ஊற்ற எனக்கு என்ன பத்துக் கையா? இரண்டு நாள் நிறுத்தினேன், மூன்றாம் நாள் எல்லாம் துவண்டது, மனசு கேட்காமல் மோட்டாரைப் போட்டுவிட்டேன். இப்போது நாற்பத்தெட்டு மஞ்சள்.

ஆனால் நீ கேட்ட இரண்டு கேள்வி மட்டும் எனக்குள் புகுந்துகொண்டது. ராப்பகலாக அதையே உருட்டிக்கொண்டிருந்தேன். கன்று எங்கே வாங்கியது? அவரிடம். எந்த மண்ணில் வளர்ந்தது? அவர் நர்சரி மண்ணில். படித்தவள் நேராகச் சொல்லாமல் சாடையாகச் சொல்கிறாள், நான் சங்கடப்படுவேன் என்று பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாம் தேதி காலை நர்சரிக்குப் போனேன். வாடிக்கைக்காரர்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். எனக்குக் கோபம் வந்தால் என் சத்தம் எனக்கே கேட்காது, உனக்குத்தான் தெரியுமே. "சீக்குக் கன்ன என் தலையில கட்டிட்டு, கூடவே வந்து நின்னு நல்லவன் வேஷம் போட்டீங்களா?" என்று கேட்டேன். அவர் "என் கன்னுல இருக்காதுங்க" என்றார். அப்போதும் வலது பக்கமாக வரப் பார்த்தார். கிட்ட வராதீங்க என்று சொல்லிவிட்டேன்.

நானே போய் அதிகாரியிடம் எழுதிக் கொடுத்தேன். மறுநாள் நர்சரியைப் பூட்டினார்கள். நாலாயிரம் கன்று. குழி வெட்டி, சுண்ணாம்பு போட்டு மூடச் சொல்லிவிட்டார்கள். அவரே மூடினாராம். ஒவ்வொரு கன்றிலும் நட்ட தேதியை எழுதிச் சீட்டு கட்டியிருப்பார், அதை அவிழ்க்காமலே போட்டாராம்.

செய்தது சரிதான் என்று பகலில் நினைக்கிறேன். சாப்பாடு இறங்கவில்லை. நீ சீக்கிரம் வா. எனக்கு யாரும் இல்லை.

அக்கா


மார்ச் 2

அக்கா,

இதோடு ஜனவரி பதினேழு என்று தேதி போட்ட ஒரு கடிதம் வைத்திருக்கிறேன். முதலில் அதைப் படி. படித்துவிட்டு இதற்கு வா.

படித்துவிட்டாயா?

நர்சரிக்காரர் கன்றில் ஒன்றும் இல்லை. உன் மேலும் தப்பு இல்லை. நான் அனுப்பின டப்பாதான். அந்த இரண்டு கேள்வியை நான் சாடையாக எழுதவில்லை அக்கா, என் பாடப் புத்தகத்தில் இருப்பதைப் பார்த்து எழுதினேன். உண்மையைத் தவிர வேறு எதையாவது எழுதிப் பக்கத்தை நிரப்ப வேண்டியிருந்தது. அது போய் ஒரு மனிதர் தலையில் விழும் என்று எனக்குத் தோன்றவில்லை. இல்லை, பொய். தோன்றியது. எழுதும்போதே ஒரு நிமிஷம் தோன்றியது. அக்கா அப்படிப் போக மாட்டாள் என்று நினைத்து உறையை ஒட்டிவிட்டேன்.

உன் கடிதம் வந்து ஒரு வாரம் ஆகிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலையை ஒன்றரை மாதமாகச் செய்துவிட்டேன், இனி முடியாது. நேற்று பூட்ஸ் அம்மாவிடம் போய்ச் சொன்னேன். திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. முக்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே ரொம்ப நேரமாயிற்று. "எத்தனை வாழ?" என்று கேட்டார். அறுநூறு என்றேன். "வீடு?" என்றார். தோட்டத்துக்கு நடுவில் என்றேன். அப்புறம் என் பூட்ஸை வாங்கி, வழக்கம்போல் புரட்டிப் பார்த்து, குச்சியால் நோண்டிச் சுத்தம் செய்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார். சான்றிதழ் தர மாட்டார்கள். மாதக் கடைசியில் கல்லூரி விடுதிக்குத் திருப்பி அனுப்புகிறார்கள். அங்கேயும் விசாரணை இருக்கும்.

நர்சரிக்காரரிடம் இந்தக் கடிதத்தைக் காட்டு. இல்லையென்றால் நான் வந்து அவர் காலில் விழுகிறேன். தோட்டத்துக்கு என்ன செய்யலாம் என்று நான் வந்து சொல்கிறேன். வேறு பயிர் வைக்கலாம், மண்ணைச் சரிபண்ண வழி இருக்கிறதா என்று படிக்கிறேன். எனக்குத் தெரிந்த ஒரே வேலை அதுதான். என்னைத் திட்டி ஒரு கடிதம் எழுது. நாலு பக்கத்துக்குத் திட்டு. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

உன் சுண்டெலி


ஏப்ரல் 6

தங்கைக்கு,

உன் கடிதம் மார்ச் பதிமூன்றாம் தேதி வந்தது. நாலு பக்கம் திட்டச் சொன்னாய். மூன்று வாரமாக உட்கார்ந்து பார்க்கிறேன், அவ்வளவு வரவில்லை. நீ விடுதிக்கு வந்துவிட்டாய் என்று தெரிந்துகொண்டு இதை அங்கே அனுப்புகிறேன்.

மண்ணைக் கேட்டது நான். தலைமடையில் போட்டது நான். போட்ட கையோடு ஊர்வலம் மாதிரி கூடவே நடந்ததும் நான்தான். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டேன், அதற்கு உன்னிடம் பங்கு கேட்க மாட்டேன். அப்பா இருந்திருந்தால் அவரும் இதைத்தான் செய்திருப்பார், அழுதுவிட்டு நம்மைக் கட்டிக்கொண்டிருப்பார். நானும் அப்படித்தான் செய்திருப்பேன். அறுநூறு வாழை போனால் போகிறது, என் தங்கச்சி இருக்கிறாள் என்றிருப்பேன். சத்தியமாக.

ஆனால் உன் கடிதம் என் கைக்கு வரப் பதினோரு நாள் ஆகிறது. பதினேழாம் தேதிக் கடிதத்தை அன்றைக்கே போட்டிருந்தால் இருபத்தெட்டாம் தேதி வந்திருக்கும். நான் நர்சரிக்குப் போனது இரண்டாம் தேதி. நடுவில் ஐந்து நாள் இருந்தது. அந்த ஐந்து நாளைத்தான் என்னால் தாண்ட முடியவில்லை. அந்த வாசலில் நின்று, "கன்ன எங்க வாங்குனீங்க? எந்த மண்ணுல வளர்த்தீங்க?" என்று நான் உன் கேள்வியை வார்த்தை மாறாமல் ஒப்பித்தேன். என் வாயை நீ இரவல் வாங்கிக்கொண்டாய், எனக்கே தெரியாமல்.

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். அவர் கன்றில் எந்த நோயும் இல்லை என்று சோதனைச் சீட்டு அதற்குள் வந்துவிட்டிருந்தது. கன்றைக் குழியில் போட்டு மூடிப் பதினெட்டு நாள் கழித்து. மறுபடி ஒரு நூறு கன்று வைத்து ஆரம்பித்திருக்கிறார். வாங்கத்தான் ஆள் இல்லை. சீட்டைக் காட்டினாலும், அந்தப் பொம்பள கத்தினது எங்க காதுல இன்னும் கேட்குதே என்கிறார்களாம்.

கம்பிக் கதவுக்கு வெளியே நின்று உறையை நீட்டினேன். வாங்கி, நின்றபடியே இரண்டு கடிதத்தையும் படித்தார். மடித்து உறைக்குள் வைத்தார். நான் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகப் பார்த்தேன். பின்னால் நகர்ந்து நின்று ஏதோ சொன்னார், தூரமாக இருந்ததால் எனக்குக் கேட்கவில்லை. என்ன என்று கேட்டேன். சத்தமாகச் சொன்னார்: "அங்கேயே நில்லுங்க. உள்ள வராதீங்க. உங்க கால் அந்த மண்ணுலேருந்து வருது."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. கன்றுக்காகச் சொன்னார், சரியாகத்தான் சொன்னார். நான் திரும்பி நடக்கும்போது பார்த்தேன், ஒரு வாளி பிளீச்சிங் தண்ணீர் கொண்டுவந்து நான் நின்ற இடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார். ஏப்ரல் வந்துவிட்டது, நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

தோட்டத்தை முழுக்க வெட்டியாயிற்று. முப்பது வருஷத்துக்கு இங்கே வாழை கிடையாது என்று அதிகாரி எழுதிக் கொடுத்திருக்கிறார். எனக்கு முப்பத்தைந்து, கூட்டிப் பார்த்துக்கொள். நிலம் வெறுமேனியாகக் கிடக்கிறது. மண்ணைச் சரிபண்ணப் படிக்கிறேன் என்று எழுதியிருந்தாய். படி. எங்கேயாவது யாருக்காவது உதவும்.

உன் புத்தகம், துணி எல்லாவற்றையும் துடைத்து, உதறி, பெட்டியில் கட்டித் தபால்காரர் வீட்டில் கொடுத்துவைத்திருக்கிறேன். விடுதிக்கு அனுப்பச் சொன்னால் அனுப்புவார். மெலிந்திருப்பாய். சாப்பிடு.

தோட்டத்து வாசலில் பலகை வைக்க வேண்டும் என்று அதிகாரி உத்தரவு. நேற்றுதான் பலகை எழுதுகிறவர் வந்தார். 'நோய்த் தோட்டம், யாரும் உள்ளே வரக் கூடாது' என்று சிவப்பில் எழுதி முடித்துவிட்டு, கீழே கொஞ்சம் இடம் மிச்சம் இருக்கிறது என்றார். "வீட்டாளுங்க தவிரன்னு சின்னதா ஒரு வரி போட்டுடவாம்மா?" என்று கேட்டார்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அக்கா